துத்தநாகத் துண்டுகள்: இரண்டு சும்மா கிடக்கின்றன, இரண்டு பொங்குகின்றன. ஏன்?

கடைமடை டீச்சர்:

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். மின்வேதியியல் பாடத்தை இருபது வருடமாகக் கரும்பலகையில் நடத்தியாகிவிட்டது. கையால் செய்து பார்ப்பது இந்த வருடம்தான். செய்து பார்த்ததில் இருந்த தெளிவும் போய்விட்டது, அதனால் இங்கே வருகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஐந்தாவது படித்த பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில். அவர்களில் இரண்டு பெண்கள் அறிவியல் கண்காட்சிக்குத் துத்தநாக-காற்று மின்கலம் செய்கிறோம் என்று வந்து நின்றார்கள். துத்தநாகத் தகடு காரக் கரைசலில் கரைந்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கரண்ட் தரும் கலம் அது. "தகடு தீர்ந்தா வேற தகடு சொருகிக்கலாம் டீச்சர், சார்ஜ் போடக் கரண்டே வேணாம்" என்றாள் ஒருத்தி. மெழுகுவத்திக்கு அலைந்த நாட்களை நானும் மறக்கவில்லை. சரி என்று இறங்கிவிட்டேன்.

இன்னொருத்தியின் மாமா நாகப்பட்டினத்தில் விசைப்படகில் போகிறவர். படகின் அடியில், விசிறிக்குப் பக்கத்தில், துரு பிடிக்காமல் இருக்க ஒரு ஜிங்க் கட்டி, அதாவது துத்தநாகக் கட்டி, மாட்டுவார்கள். இரும்புக்குப் பதிலாக அது கரையும். மாட்டாத கட்டி ஒன்றைக் கொடுத்தார். இரண்டு முனையிலும் மாட்டுவதற்குக் காது மாதிரி இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காதுகளை வெட்டிப் போட்டுவிட்டு, மீதியிலிருந்து லேத் பட்டறையில் நான்கு துண்டு அறுத்து வாங்கினோம். ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் நீளம், 2 அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன். உப்புத்தாளில் தேய்த்து எடை போட்டால் ஆளுக்கு 21 கிராம் போல வந்தது.

பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் 700 கிராமில் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம்) செதில் 300 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்தோம். (கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான். பீக்கரைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டது.) ஆறியபின் நான்கு பீக்கர். முதலாவதில் வெறும் கரைசல். இரண்டாவதில் ஜிங்க் ஆக்சைடு, அடியில் கொஞ்சம் வெள்ளை தங்கும் வரை. மூன்றாவதில் பாலிஎத்திலீன் கிளைகோல்; எங்கள் லேபில் இல்லை, மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் பொடியில் ஒரு ஸ்பூன். நான்காவதில் வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒரு கொட்டைப்பாக்கு அளவு. துண்டுகளை நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மேலே புனலும் 10 மில்லி அளவுக்குழாயும் கவிழ்த்து வைத்தோம். எவ்வளவு ஹைட்ரஜன் வருகிறதோ அவ்வளவு துத்தநாகம் வீணாகக் கரைகிறது என்பது கணக்கு.

முதல் இரண்டு பீக்கரிலும் ஒரு நாள் முழுக்க வைத்தும் 2 மில்லியைத் தாண்டவில்லை. மூன்றிலும் நான்கிலும் மதிய மணி அடிப்பதற்குள் குழாய் நிரம்பிவிட்டது! கலவைப் பொருள் போட்டால் அரிப்பு குறையும் என்றுதான் படித்ததெல்லாம் சொல்கிறது. எங்களுக்குத் தலைகீழாக வருகிறது. சுண்ணாம்பும் கிளைகோலும் கெடுதலா?

இரண்டாவது சந்தேகம். ஆர்வத்தில் திருப்பிச் சார்ஜும் போட்டுப் பார்த்தோம். ஜிங்க் ஆக்சைடு பீக்கரில் துத்தநாகத் துண்டு மைனஸ், எதிரே எவர்சில்வர் டீ வடிகட்டி பிளஸ். 100 மில்லி ஆம்பியரில் மூன்று மணி நேரம். பாரடே கணக்குப்படி (ஓடிய கரண்டுக்கு எவ்வளவு உலோகம் படியும் என்ற கணக்கு) 0.37 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி ஒன்று. விரலால் தொட்டால் கையோடு வருகிறது. கழுவி உலர்த்தி எடை போட்டால் 0.2 கிராம்கூட இல்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மழை பிடித்த அந்த ஐந்து நாளில், மூடாமல் வைத்திருந்த பீக்கரில் பேனாவால் போட்ட கோட்டுக்கு மேலே கரைசல் ஏறியிருந்தது. யாரும் ஊற்றவில்லை என்று பிள்ளைகள் சத்தியம் செய்கிறார்கள்.

கொழுந்து வெற்றிலை:

டீச்சர், பேட்டரி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுண்ணாம்பு தெரியும், பாபநாசம் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கிறோம். நீங்கள் வாங்கியது கிளிஞ்சல் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா? ரோஸ் கலரில் டப்பாவில் வருவதா? கலர் போட்ட சுண்ணாம்பை நாங்களே வாயில் வைக்க மாட்டோம், நீங்கள் பரிசோதனைக்கு வைக்கிறீர்கள். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுக் கொடுப்பவர்களிடம் நீறாத கட்டியாக வாங்கி, நல்ல தண்ணீரில் நீங்களே நீற்றிக்கொள்ளுங்கள். அதில் கலப்படத்துக்கு வேலை இல்லை.

முலாம் பட்டறை:

டீச்சரம்மா, வணக்கம். சுண்ணாம்பின் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம் எடுத்து நான்கு துண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். ஒட்டுகிறதா என்று சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் துண்டை நூலில் தொங்கவிட்டுக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், திரும்புகிறதா என்று தெரியும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் கும்பகோணத்தில் சின்னதாக ஒரு முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். அறுவடை மெஷின் நட்டு போல்ட்டு, கதவுக் கொண்டி, பம்ப்செட் கிளாம்ப், இதற்கெல்லாம் ஜிங்க் முலாம். பெரியப்பா காலத்தில் சயனைடு தொட்டி. என் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டுக் காரத் தொட்டிக்கு மாறினேன். ஒரு லிட்டருக்கு 120 கிராம் காஸ்டிக் சோடா, அதில் 10 கிராம் போலத் துத்தநாகம் கரைந்திருக்கும். உங்கள் இரண்டாம் பீக்கர்தான் என் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பொட்டாஷ், நான் சோடா, காரமும் உங்களுடையது கூட.

முலாம் போடப் போடத் தொட்டியில் துத்தநாகம் குறையும். அதை ஈடுகட்ட நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பக்கத்தில் இன்னொரு தொட்டி, அதிலும் காஸ்டிக். உள்ளே இரும்புக் கம்பிக் கூடை. கூடைக்குள் துத்தநாக உருண்டைகள். அவ்வளவுதான், கரண்ட் கிடையாது, ஒன்றும் கிடையாது. ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் கரைந்திருக்கும். ஆரம்பத்தில் கூடை துருப்பிடிக்குமே என்று பிளாஸ்டிக் கூடையில் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் ஆகியும் உருண்டை வைத்தது வைத்தபடி இருந்தது. மறுபடி இரும்புக்கே வந்தேன்.

குனிந்து பார்த்தால் வேடிக்கை தெரியும். நுரை உருண்டையிலிருந்து வராது. கூடைக் கம்பியிலிருந்து வரும். கரைவது ஒன்று, பொங்குவது இன்னொன்று. துத்தநாகத்துக்குக் காரத்தில் கரைய எப்போதும் தயார்தான். ஆனால் அது விடுகிற எலெக்ட்ரானைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனாகக் கிளம்ப ஓர் இடம் வேண்டும். துத்தநாகத்தின் மேற்பரப்பு அதற்கு மகா மட்டமான இடம். இரும்பு நல்ல இடம். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இவன் கொடுக்க அவன் வாங்க, வேலை ஜரூராக நடக்கும். நீங்கள் குறை என்று சொல்வது எனக்குச் சோறு போடுகிறது.

இப்போது உங்கள் கட்டிக்கு வருகிறேன். காதை வெட்டிப் போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காது இல்லை அம்மா. ஒரே இரும்புப் பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டிக்குள்ளேயே ஓடும்; அதைச் சுற்றித்தான் துத்தநாகத்தை வார்ப்பார்கள். நீங்கள் வெட்டியது வெளியே தெரிந்த இரண்டு நுனி. பட்டைக்குப் பக்கவாட்டில், ஓரத்தில் அறுத்த துண்டில் பட்டை வராது. நடுவில் அறுத்ததில் வந்தே தீரும். அறுத்தபின் உப்புத்தாள் போட்டதில் துத்தநாகம் இழுபட்டு இரும்பின் மேல் பூசிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எந்தத் துண்டு எங்கே அறுத்தது என்று பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறதா?

பாசி விஷயம். என் தொட்டியில் பிரைட்னர் இல்லாமல் முலாம் போட்டால் எனக்கும் அதே பாசிதான் வரும். கறுப்பாக, பஞ்சு மாதிரி, துணியால் துடைத்தால் போல்ட்டு பழையபடி நிற்கும். பிரைட்னர் என்று நாங்கள் ஊற்றுவது ஏதோ பாலிஅமீன் வகையும் வாசனைப் பொருள் மாதிரி சிலதும் கலந்தது. அது எங்கே மேடு தட்டுகிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, "இங்கே இடமில்லை, அடுத்த வீட்டுக்குப் போ" என்று துத்தநாகத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் சமமாகப் படியும். உங்கள் கிளைகோலும் அந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, கூடிப்போனால் முலாம் கொப்புளம் விடும், மடக்கினால் உதிரும். பட்டறைப் பையன் ஒருமுறை அளவு பார்க்காமல் ஊற்றி ஒரு மூட்டை கிளாம்ப் திரும்பி வந்தது. இரண்டு, அது தீர்ந்துகொண்டே இருக்கும். நான் எத்தனை ஆம்பியர்-மணி ஓடியது என்று மீட்டர் பார்த்து அதற்குத் தகுந்தபடி தினமும் ஊற்றுகிறேன். மூடி வைத்த பேட்டரிக்குள் யார் ஊற்றுவார்கள்? இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகம், படித்தவர்கள் யாராவது சொன்னால் தேவலாம்.

கடைமடை டீச்சர்:

ஒட்டுகிறது!

நான்காம் துண்டு காந்தத்தோடு அப்படியே எழும்பி வந்தது. மூன்றாம் துண்டு மேலே வைத்தால் ஒட்டவில்லை, நூலில் தொங்கவிட்டபோது ஒரு முனை மட்டும் திரும்பியது. அந்த முனையை மறுபடி தேய்த்துப் பார்த்தோம். தீக்குச்சி கனத்துக்கு ஒரு கோடு, நிறம் கொஞ்சம் வேறாக. முன்பே பார்த்ததுதான், ரம்பம் பட்ட தடம் என்று விட்டுவிட்டேன். பீக்கரில் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் குமிழி முழுக்க அந்தக் கோட்டிலிருந்து வரிசையாக எழும்புகிறது, மற்ற இடம் அமைதி.

அண்ணன், மூன்று நாளாகச் சுண்ணாம்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றும் இரண்டும் ஓரத்துண்டு, மூன்றும் நான்கும் நடுத்துண்டு என்று பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள். அறுத்த வரிசையிலேயே நம்பர் போட்டு, அந்த வரிசையிலேயே பீக்கரில் போட்டிருக்கிறோம். சீட்டுக் குலுக்கியாவது போட்டிருக்கலாம்.

ஒரத்தநாட்டான்:

டீச்சர், நான் மின்கலத்தில் ஆய்வு செய்கிறேன், ஊர் ஒரத்தநாடு. பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் முதல் கேள்விக்குப் பதிலில்லை. எண்களை மட்டும் சேர்க்கிறேன், பிள்ளைகள் சார்ட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

காரக் கரைசலில் துத்தநாகத்தின் நியம மின்னழுத்தம் மைனஸ் 1.25 வோல்ட். (மைனஸ் எவ்வளவு கூடுதலோ, எலெக்ட்ரானை விட அவ்வளவு தயார் என்று அர்த்தம்.) அதே கரைசலில் ஹைட்ரஜனுடையது மைனஸ் 0.83. இடைவெளி 0.4 வோல்ட்டுக்கு மேல். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் துத்தநாகம் காரத்தில் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது, கடையில் விற்கும் அல்கலைன் பேட்டரி எல்லாம் வீங்கி வெடித்திருக்க வேண்டும். நிற்பதற்கு ஒரே காரணம், ஹைட்ரஜன் அதன் மேல் பிறப்பது அவ்வளவு மந்தம். இரும்பு, நிக்கல் மாதிரி ஒரு அந்நியத் துளி வந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. உங்கள் குழாயில் 1 மில்லி வாயு சேர்ந்தால் 2.6 மில்லிகிராம் துத்தநாகம் போனதாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த மந்தத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் காலத்தில் துத்தநாகப் பொடியில் பாதரசம் சேர்த்தார்கள், எடையில் பல சதவீதம் வரைக்கும். 1980-களிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தார்கள். அமெரிக்காவில் 1996-ல் சட்டமே வந்தது. இப்போது பாதரசத்தின் இடத்தில் இண்டியம், பிஸ்மத், அலுமினியம், அதுவும் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு. கூடவே பொடி செய்யும்போதே இரும்பு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரும்பைத் தடுக்காமல் இண்டியம் சேர்த்துப் பயனில்லை. (உடைந்த தெர்மாமீட்டர் பாதரசம் லேபில் கிடக்கிறதே என்று யாருக்கும் யோசனை வர வேண்டாம்.)

உங்கள் ஓரத்துண்டுகள் அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்கு ஆச்சரியமில்லை. படகுக் கட்டிக்கு அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு ஒன்று உண்டு: இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கூடினால் கட்டி கடல் நீரில் கரையாமல் மேலே தோல் கட்டி நின்றுவிடும். அந்தக் கண்டிப்பு உங்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் அதே தரத்தில் அலுமினியமும் 0.07 சதவீதம் வரை காட்மியமும் சேர்ப்பார்கள், காட்மியம் விஷம். தேய்த்த தூளைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள், ஈரத் துணியில் துடைத்துத் தனியாகக் கட்டி வையுங்கள். இன்னொன்று: படகுக்கு அலுமினியக் கட்டியும் விற்கிறார்கள். அதைக் காஸ்டிக்கில் போட்டிருந்தால் பீக்கர் கொதித்து மேலே வந்திருக்கும். 3 கன சென்டிமீட்டருக்கு 21 கிராம் என்று நீங்கள் எடை எழுதியிருந்ததால் நிம்மதியானேன்.

அண்ணனின் சந்தேகத்துக்கு வருகிறேன், அது சரியான சந்தேகம். சார்ஜ் ஏறும்போது கிளைகோல் மாதிரியான கரிமப் பொருள் துத்தநாகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும், ஆனால் எதிர்த் தகட்டில் ஆக்சிஜன் வெளிவரும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும். யாரும் உள்ளே ஊற்ற முடியாது. அதனால்தான் பேட்டரி செய்பவர்கள் பிஸ்மத் ஆக்சைடு, இண்டியம் ஹைட்ராக்சைடு என்று தகட்டுக்குள்ளேயே வைக்கிறார்கள். சார்ஜின்போது துத்தநாகத்துக்கு முன்னால் இவை உலோகமாக மாறி ஒரு வலை மாதிரி நிற்கும், அதன் மேல் துத்தநாகம் படியும். இவை எரிந்துபோவதில்லை.

பாசியில் இரண்டு வகை உண்டு என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். உங்கள் 100 மில்லி ஆம்பியர், துண்டின் பரப்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 4, 5 மில்லி ஆம்பியர்தான். அப்போது வருவது பஞ்சுப் பாசி. அதையே பத்து மடங்காக்கினால் ஓரங்களில் பெரணி இலை மாதிரி கிளை விடும். கிளை விடுவது ஏன் என்றால், தகட்டை ஒட்டிய கரைசலில் துத்தநாகம் வற்றிப்போய், நீட்டிக்கொண்டிருக்கும் நுனிக்கு மட்டும் தீனி கிடைக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் தலைமடையே குடித்துவிடுகிற மாதிரி. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரைசலைக் கலக்கினாலோ, கரண்டை விட்டு விட்டுக் கொடுத்தாலோ இந்தக் கிளை குறையும். பஞ்சுப் பாசிக்குக் கலக்குவது அவ்வளவாக உதவாது, அதற்குப் பிஸ்மத் போல ஏதாவது வேண்டும்.

கிளைகோல்: மருந்துக்கடைப் பொடியில் பெரும்பாலும் குளோரைடு, பைகார்பனேட் உப்புகளும் கலந்திருக்கும், உறையின் பின்பக்கம் பாருங்கள். அதோடு ஒரு ஸ்பூன் ரொம்ப அதிகம். மூன்றாம் பீக்கரில் மேலே எண்ணெய் மாதிரி படலம் நின்றதா? கடுங்காரத்தில் கிளைகோல் கரையாமல் தனியே பிரிந்து மேலே வரும். ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

சுண்ணாம்பு நல்ல யோசனைதான், ஆனால் அது வேறு வேலைக்கு. டிஸ்சார்ஜில் கரையும் துத்தநாகத்தைக் கால்சியம் ஜிங்கேட்டாக (கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்த, எளிதில் கரையாத சேர்மம்) பிடித்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கரைந்தது ஓரிடம், திரும்பப் படிவது ஓரிடம் என்று பத்து இருபது சுற்றில் தகட்டின் ஓரமெல்லாம் மெலிந்து நடுவில் குவிந்துவிடும். 1932-ல் டப்ளின் பக்கம் நிக்கல்-துத்தநாக பேட்டரியில் ரயிலே ஓட்டினார் ஜேம்ஸ் டிரம் என்ற அயர்லாந்து வேதியியலர், 1949 வரை ஓடியது. அந்தக் கலத்திலும் துத்தநாகம் கரைந்து மீண்டும் படிய வேண்டும் என்பதுதான் தலைவலி. சுண்ணாம்பு போடுகிறவர்கள் காரத்தை 20 சதவீதம் போலக் குறைத்து வைப்பார்கள், கடுங்காரத்தில் அந்தச் சேர்மம் நிலைக்காது. உங்கள் கலத்தில் தகட்டை மாற்றப் போகிறீர்கள், திருப்பிச் சார்ஜ் செய்யப் போவதில்லை. அப்படியானால் சுண்ணாம்பும் வேண்டாம், பாசிக் கவலையும் வேண்டாம். ஜிங்க் ஆக்சைடு கரைத்த கரைசல், இரும்பில்லாத தகடு, போதும்.

மழைக்கு ஏறிய மட்டம்: பிள்ளைகள் சொன்னது நிஜம். 30 சதவீதக் காரக் கரைசல், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் போல இருக்கும்போது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நம் பக்கம் ஐப்பசியில் ஈரப்பதம் 90-ஐத் தொடும். காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். துத்தநாக-காற்றுக் கலத்துக்குக் காற்று வேண்டும், ஆனால் அதே துளை வழியாகத் தண்ணீரும் வரும், கார்பன் டை ஆக்சைடும் வந்து பொட்டாஷைக் கார்பனேட்டாக்கும். காது கேட்கும் கருவிக்கான பொத்தான் கலத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி விற்பது இதற்காகத்தான். நீங்களும் உபயோகிக்காத நேரத்தில் காற்றுப் பக்கத்தை டேப் போட்டு மூடி வையுங்கள். புயல் வரும் மாதமும் இதே மாதம் என்பதால் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, கடையில் வரும் பொட்டாஷ் செதில் 85 சதவீதம் போலத்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். 300 கிராம் போட்டு நீங்கள் 30 என்று நினைத்தது உண்மையில் 25, 26. இந்தப் பரிசோதனைக்கு ஒன்றும் குறைவில்லை, சார்ட்டில் மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

முலாம் பட்டறை:

தம்பி, பிஸ்மத் கதை புரிந்தது, நன்றி. டீச்சரம்மாவுக்கு ஒரு பட்டறை வழி சொல்கிறேன். புதுக் கரைசல் போட்டதும் அதில் ஒரு ஸ்பூன் நல்ல ஜிங்க் பவுடரைப் போட்டுக் கலக்கி, மூடாமல் (வாயு வரும்) ஒரு ராத்திரி விடுங்கள். கரைசலில் ஈயம், செம்பு என்று ஏதாவது கலந்திருந்தால் அந்தப் பவுடரின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் கலங்காமல் மேலாக வடித்துக்கொள்ளலாம். தொட்டி கறுத்தால் நான் செய்வது இதைத்தான்.

கடைமடை டீச்சர்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பருவத் தேர்வு நடுவில் வந்துவிட்டது.

கட்டியின் மீதியில் ஓரப் பக்கமாக மட்டும் புதிதாக நான்கு துண்டு அறுத்தோம். இந்த முறை அறுத்ததும் காந்தம், தேய்த்ததும் காந்தம். அரிவாள் பிடிக்கிற சாணைச் சக்கரத்தில் தேய்க்க விடவில்லை, புது உப்புத்தாள் வாங்கினோம். துண்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் பீக்கரில் போட்டு, மறுநாள் இடம் மாற்றிப் போட்டோம். கிளைகோலை மன்னார்குடியில் ஒரு கல்லூரி லேபில் கேட்டுச் சிட்டிகை வாங்கி வந்தோம் (மருந்துக்கடைப் பொடியில் நீங்கள் சொன்ன உப்புகள் அப்படியே இருந்தன, எண்ணெய்ப் படலமும் நின்றதுதான்). வெற்றிலைக்கார அண்ணன் சொன்னபடி கிளிஞ்சல் சுண்ணாம்பு.

ஒரு நாளில் வந்த வாயு: வெறும் கரைசலில் 1.6 மில்லி, ஜிங்க் ஆக்சைடில் 1.1, கிளைகோலில் 0.7, சுண்ணாம்பில் 1.2. இடம் மாற்றிய நாளிலும் கிளைகோல்தான் குறைவு. 1.1-க்கும் 1.2-க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் குழாயில் கோடு அப்படி. ஒரு பெண் சொல்லிப் பார்த்தாள், விடவில்லை.

கிளைகோல் போட்ட கரைசலில் பாசியும் கொஞ்சம் இறுகலாக வந்தது, எடை 0.3 கிராம் ஏறியது. ஆனால் அதே கரைசலைக் கலத்தில் ஊற்றினால் விளக்கு ஒரு மங்கல் மங்கித்தான் எரிகிறது. மேட்டில் உட்கார்ந்து "அடுத்த வீட்டுக்குப் போ" என்று சொல்கிறது, போகும்போதும் வழி மறிக்கிறது போல. ஒரத்தநாட்டுத் தம்பி சொன்னபடி, கண்காட்சிக் கலத்துக்கு ஜிங்க் ஆக்சைடு மட்டும். டேப் போட்டு மூடியும் வைக்கிறோம்.

கண்காட்சியில் கலத்துக்குப் பக்கத்தில் தனி பீக்கரில் நான்காம் துண்டையும் தொங்கவிடப் போகிறார்கள், ஒரு காந்தமும் நூலும் வைத்து. அதுதான் வேடிக்கையாக இருக்கிறதாம். வாயு சேராமல் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் விளக்கு ஏற்றக் கூடாது என்றும்.

முலாம் பட்டறை:

நல்லது. கண்காட்சி முடிந்ததும் அந்த நான்காம் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. கும்பகோணம் வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், கூடைக்கு ஆகும்.